டி செல் கிருமியைப் பார்ப்பதில்லை: ஆன்டிஜென் பாடத்தில் வழக்கமாக வரும் தவறுகள்

சில வருஷங்களுக்கு முன்பு, சம்பா நடவு நேரத்தில், வரப்பில் கிடந்த கருவேல முள் என் சித்தப்பாவின் உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஊக்கால் நோண்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் மஞ்சளை அப்பிக்கொண்டு, மறுபடியும் சேற்றில் இறங்கிவிட்டார். மூன்றாம் நாள் எழுந்து நடக்க முடியவில்லை. வலி காலில்கூட அவ்வளவு இல்லை, தொடை இடுக்கில். தொட்டுப் பார்த்தால் நெல்லிக்காய் அளவுக்கு ஓர் உருண்டை. "நெறி கட்டிடுச்சுடா" என்றார்.

கும்பகோணத்தில் பன்னிரண்டாம் வகுப்பு, பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். நோய்த்தடுப்புப் பாடம் தொடங்கும் அன்று இந்தக் கதையைச் சொல்லி, முள் ஏறியது காலில், வீங்கியது ஏன் தொடை இடுக்கில் என்று கேட்பேன். அநேகமாக எல்லா பேட்ச்சிலும் ஒரே பதில்தான் வரும்: "வெள்ளை அணுவும் கிருமியும் சண்டை போட்டு, செத்ததெல்லாம் அங்க போய்ச் சேர்ந்துடுச்சு சார்."

கிருமிகளில் சில அங்கே போய்ச் சேரலாம்தான். ஆனால் அந்த உருண்டை பிணக்குவியல் இல்லை. தோலில் இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற காவல் செல்கள் காயத்தில் கிடைத்ததை விழுங்கிக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியாகத் தொடை இடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. டி செல் என்பது ஒரு வகை வெள்ளை அணு. இதுவரை எதையும் சந்திக்காத புது டி செல், காலிலும் கையிலும் ரோந்து சுற்றுவதில்லை. அது ரத்தத்திலிருந்து ஒரு முடிச்சுக்கு, அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்கு, அப்புறம் இன்னொரு முடிச்சுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு குறிப்பிட்ட ஆன்டிஜெனுக்கு (நோய்த்தடுப்புச் செல்கள் பிடித்தறியும் பொருளுக்கு) பொருந்துகிற புது டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அதைத் தேடி உடம்பு முழுக்க அலைவதைவிட, எல்லோரும் வந்துபோகிற இடத்தில் காத்திருப்பதுதான் டென்ட்ரிட்டிக் செல்லின் வேலை. பொருத்தமானவை அங்கே மாட்டிக்கொண்டு பெருகும்போது முடிச்சு வீங்குகிறது. ஆக, டி செல் கிருமியைத் தேடிக் காயத்துக்கு ஓடுவது கதையின் இரண்டாம் பாதி. முதல் பாதியில் ஆன்டிஜென்தான் டி செல்லைத் தேடிப் போகிறது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. விடைத்தாளில் "டி செல் பாக்டீரியாவை அடையாளம் காண்கிறது" என்று எழுதுவது. பி செல் என்ற இன்னொரு வெள்ளை அணு வழியாக வரும் ஆன்டிபாடி அப்படிச் செய்யும். முழுக் கிருமியின் வெளி உருவத்தைப் பிடித்து அதில் ஒட்டிக்கொள்ளும். டி செல்லால் அது முடியாது. அதற்குத் தெரிவதெல்லாம் ஒரு புரதத்தின் வெட்டிய துண்டு, அதாவது ஒரு பெப்டைடு. அந்தத் துண்டும் எம்எச்சி என்ற நம் சொந்த மூலக்கூறின் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும். மனிதருக்கு வரும்போது இதே எம்எச்சியை எச்எல்ஏ என்று எழுதுவார்கள். இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக் குழம்புகிற பிள்ளைகளும் உண்டு.

வகுப்பில் நெல் கொள்முதல் நிலையத்தை வைத்துச் சொல்வேன். அங்கே குவியல் முழுவதையும் யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. ஒரு கைப்பிடி அள்ளி, ஊதிப் பதரைப் பறக்கவிட்டு, மீட்டரில் போட்டு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். சாம்பிளை வைத்துத்தான் மொத்தக் குவியலுக்கும் தீர்ப்பு. டி செல்லும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், அது நெல்லை மட்டும் பார்க்காது, நெல்லை ஏந்தியிருக்கும் கையையும் சேர்த்துப் பார்க்கும். அதே நெல்லை அயலார் கையில் நீட்டினால், பொதுவாக அதைக் கண்டுகொள்ளாது.

இது வெறும் உவமை இல்லை, சோதனையில் தெரியவந்தது. 1974-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹெர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் ஒரு வைரஸ் தொற்றிய எலிகளின் டி செல்களை எடுத்துச் சோதித்தார்கள். அந்த டி செல்கள் தம் எம்எச்சி வகையே கொண்ட, வைரஸ் தொற்றிய செல்களைக் கொன்றன. வேறு எம்எச்சி வகை உள்ள எலியின் செல்களில் அதே வைரஸ் இருந்தும் தொடவில்லை. இதற்காக இருவருக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. கை எப்படி இருக்கும் என்பது 1987-ல்தான் தெரிந்தது. பமீலா பியோர்க்மேன் குழு எச்எல்ஏ-ஏ2 மூலக்கூறின் படிக அமைப்பை வெளியிட்டபோது, மேலே ஒரு பள்ளமும், அதற்குள் என்னவென்று பிரித்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்றும் இருந்தன. அந்த 'ஏதோ ஒன்று'தான் பெப்டைடு.

அடுத்தது, கிருமி வந்தால்தான் செல் எதையாவது காட்டும் என்ற நினைப்பு. இல்லை. நம் செல்கள் ராத்திரி பகலாகத் தம் சொந்தப் புரதத்தின் துண்டுகளை வெளியே நீட்டிக்கொண்டே இருக்கின்றன. 'இது சொந்தம், இது அந்நியம்' என்று பிரிக்க எம்எச்சிக்குத் தெரியாது. பள்ளத்தில் பொருந்துவதை எல்லாம் ஏந்தும். பிரித்தறிவது டி செல்லின் பாடு. சொந்தத் துண்டோடு பலமாக ஒட்டுகிற டி செல்களில் பெரும்பாலானவை, அவை முதிரும் இடமான தைமஸிலேயே ஒழிக்கப்படுகின்றன. "எம்எச்சி அந்நிய ஆன்டிஜெனை அடையாளம் கண்டு" என்று ஆரம்பிக்கிற விடையில் முதல் வரியிலேயே சிவப்பு மை போட்டுவிடுவேன்.

இனி எம்எச்சியின் முதல் வகை, இரண்டாம் வகை. எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி ஒன்று உண்டு: எட்டு ஒன்று எட்டு, நாலு இரண்டு எட்டு. தொற்றிய செல்லைக் கொல்லும் சிடி8 டி செல் முதல் வகை எம்எச்சியைப் பார்க்கும், மற்ற செல்களுக்கு உதவும் சிடி4 டி செல் இரண்டாம் வகையைப் பார்க்கும். தேர்வுக்கு நல்ல வழிதான், நானும் சொல்லித் தருகிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், துண்டு எங்கே வெட்டப்படுகிறது, எங்கே பள்ளத்தில் ஏறுகிறது என்பதைக் கோட்டை விட்டுவிடுவோம். பலரும் நினைப்பது, எம்எச்சி வெறுமனே செல்லின் மேற்பரப்பில் நிற்கும், துண்டு பின்னால் வந்து ஒட்டும் என்று. ஏறுவது உள்ளே.

முதல் வகையில், செல்லுக்குள்ளேயே உருவாகும் புரதங்களை (வைரஸ் புகுந்திருந்தால் அதன் புரதங்களையும் சேர்த்து) புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரம் வெட்டும். துண்டுகளை டேப் என்ற பம்பு, செல்லின் உள் சவ்வு வலையான எண்டோபிளாச வலைக்குள் இறைக்கும். அங்கே காத்திருக்கும் எம்எச்சியில் துண்டு உட்கார்ந்த பிறகுதான் அது மேற்பரப்புக்குக் கிளம்பும். இந்தப் பள்ளம் இரு முனையும் அடைத்த தோணி மாதிரி. அதனால் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள குட்டித் துண்டுகள்தான் பெரும்பாலும் பொருந்தும். துண்டு ஏறாத முதல் வகை எம்எச்சி நிலைக்காது. ஹெர்பிஸ் வைரஸ் டேப் பம்பை அடைத்துவைக்கும் தந்திரத்தைக் கற்றிருப்பது இதனால்தான்.

இரண்டாம் வகையில்தான் வேடிக்கை. இதுவும் தயாராவது அதே எண்டோபிளாச வலையில்தான். அப்படியானால் அங்கே மிதக்கும் துண்டுகள் ஏன் இதில் ஏறுவதில்லை? இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை தானாகக் கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம். மதகில் பலகை போட்டு அடைப்பது மாதிரி, மாறாச் சங்கிலி என்றொரு புரதம் பள்ளத்தை அடைத்துக்கொண்டு கூடவே வரும். அதுதான் எம்எச்சியை அமிலப் பைகளுக்கு வழிகாட்டியும் அனுப்புகிறது. செல் வெளியிலிருந்து விழுங்கியதும் அந்தப் பைகளில்தான் நொதிகளால் அரைபடும். சங்கிலியும் அங்கே அரைபட்டு, கிளிப் என்ற சின்னத் துண்டு மட்டும் பள்ளத்தில் மிஞ்சும். எச்எல்ஏ-டிஎம் என்ற மூலக்கூறு அந்தக் கடைசிப் பலகையையும் உருவிவிட, வயலுக்குத் தண்ணீர் பாய்வதுபோல் புதுத் துண்டு ஏறும். இந்தப் பள்ளம் நீளவாக்கில் பிளந்த மூங்கில். இரு முனையும் திறந்திருப்பதால் 13 முதல் 25 அமினோ அமிலம் வரையுள்ள நீளத் துண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டும் உட்காரலாம்.

சரி, 'உள்ளே இருப்பது முதல் வகைக்கு, வெளியிலிருந்து வந்தது இரண்டாம் வகைக்கு' என்று கல்லில் செதுக்கிவிடலாமா? கூடாது. ஒரு வைரஸ் கல்லீரல் செல்லை மட்டும் தாக்குகிறது, டென்ட்ரிட்டிக் செல்லைத் தொடுவதே இல்லை என்று வையுங்கள். விதி கறாராக இருந்தால் சிடி8 செல்களுக்கு முதல் பாடம் யார் நடத்துவது? டென்ட்ரிட்டிக் செல்கள் வெளியிலிருந்து விழுங்கியதையும் முதல் வகையில் ஏற்றிக் காட்ட வல்லவை. இதற்குக் குறுக்கு முன்வைப்பு என்று பெயர். 1976-லேயே மைக்கேல் பெவன் இதைக் காட்டிவிட்டார்.

'ஆன்டிஜென் முன்வைக்கும் செல்' என்ற பெயரும் ஆளை ஏமாற்றும். டென்ட்ரிட்டிக் செல், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ், பி செல் மூன்றும்தான் முன்வைக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். உட்கரு உள்ள செல் அநேகமாக எல்லாமே முதல் வகையில் காட்டும். அந்த மூன்றும் இரண்டாம் வகையிலும் காட்டுகிற தொழில்முறைக்காரர்கள், அவ்வளவுதான். ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, காட்டும் கையும் இல்லை. மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் இருக்கும்வரை சிடி8 செல்லால் அதைப் பிடிக்க முடியும். சிவப்பணுவுக்குள் புகுந்த பிறகு அது சிரமம்.

முள் ஏறினால் ஊரில் எல்லோரும் சொல்லும் அடுத்த வார்த்தை, "டிடி ஊசி போட்டியா?" அந்த ஊசியை வைத்து இன்னும் இரண்டு தவறுகளைத் திருத்திவிடலாம்.

ஒன்று, துண்டைக் காட்டினாலே டி செல் கிளம்பிவிடும் என்பது. புது டி செல்லுக்கு இரண்டாவது சைகை வேண்டும். முன்வைக்கும் செல்லின் மேல் உள்ள சிடி80, சிடி86 மூலக்கூறுகள், டி செல்லின் சிடி28-ஐத் தொட வேண்டும். ஆபத்து என்று உணர்ந்த டென்ட்ரிட்டிக் செல்தான் இவற்றை ஏராளமாக ஏற்றிக்கொள்ளும். அது இல்லாமல் துண்டு மட்டும் காட்டினால் டி செல் கிளம்பாது, மரத்துப்போய்விடவும் கூடும். டெட்டனஸ் ஊசி மருந்தில் அலுமினிய உப்பு கலந்திருப்பது இந்த உசுப்பலுக்காகத்தான். சுத்தமான புரதத்தை மட்டும் செலுத்தினால் உடம்பு பெரும்பாலும் சட்டை செய்யாது. இதைத்தான் சார்லஸ் ஜேன்வே 1989-ல் நோயெதிர்ப்பியலாளர்களின் அழுக்கு ரகசியம் என்று கேலி செய்தார்.

இன்னொன்று, பி செல் தானாகவே ஆன்டிபாடி செய்துவிடும் என்பது. பி செல் டெட்டனஸ் புரதத்தை முழுசாகப் பிடித்து விழுங்கி, வெட்டி, இரண்டாம் வகை எம்எச்சியில் ஏற்றிக் காட்டும். அதைப் பார்த்து சிடி4 செல் உதவினால்தான் நீடித்து நிற்கும் நல்ல ஆன்டிபாடி வரும். அப்படியானால், மேலுறை சர்க்கரைச் சங்கிலியாக இருக்கும், குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் கொண்டுவரும் ஹிப் பாக்டீரியாவுக்கு என்ன செய்வது? சர்க்கரைச் சங்கிலியை வெட்டி எம்எச்சியில் ஏற்ற வழியில்லை, சிடி4 உதவி கிடைக்காது. கைக்குழந்தைகளுக்கு அந்தச் சர்க்கரையை மட்டும் கொடுத்தால் பலிக்காது. அதனால் அதை ஒரு புரதத்தோடு, பல தடுப்பூசிகளில் நஞ்சு முறித்த இதே டெட்டனஸ் புரதமான டாக்சாய்டோடு, முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். பி செல் சர்க்கரையைப் பிடித்து இழுக்கும், புரதமும் கூடவே உள்ளே வரும், காட்டப்படுவது புரதத் துண்டு, செய்யப்படுவது சர்க்கரைக்கான ஆன்டிபாடி. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹிப் பகுதி இந்த முறையில் செய்ததுதான்.

சித்தப்பாவுக்கு நெறி கரைய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. "வீக்கம் எங்கடா போச்சு?" என்று கேட்டார். பெருகிய செல்கள் ரத்தம் வழியாகக் காலுக்குக் கிளம்பிப்போயின, வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துவிட்டன, கொஞ்சம் நினைவுச் செல்களாகத் தங்கிவிட்டன என்றேன். "அப்ப உன் பசங்க சொன்ன பொணக்கணக்கு முழுசா தப்பில்லையே" என்றார்.