அரை கிரவுண்டில் கார் ஷெட்டும் பட்டறையும்

30க்கு 40 அடி மனையில் வீடு போக, கார் ஷெட் தனி, பட்டறை தனி என்று கட்ட இடம் போதாது. இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவருவதுதான் சரி. 4 மீட்டருக்குள் அடங்கும் காரின் நீளம் சுமார் 13 அடி. ஷெட்டை 18 அடிக்குப் போட்டால் பின்னால் 5 அடி மிஞ்சும். 2 அடி ஆழத்தில் ஒரு வேலை மேஜை, நின்று வேலை செய்ய 3 அடி, போதும். அகலம் 10 அடிக்குக் குறைய வேண்டாம். கொத்தனார் 8 அடி தாராளம் என்பார். கதவைத் திறந்து இறங்கப்போவது அவரில்லையே! கோலமாவால் தரையில் கோடு போட்டு, காரை நிறுத்தி, இருபக்கக் கதவையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது போர்வெல்லில்தான். அதன்மேல் நிரந்தரக் கூரை போட்டால், மோட்டார் பழுதாகும்போது குழாயை மேலே இழுக்க வழியிருக்காது. பழைய இரும்புக் குழாய் என்றால் ஒரு துண்டே 20 அடி. அந்த இடத்தில் மட்டும் கழற்றக்கூடிய ஷீட் போடுங்கள். செப்டிக் டேங்க் மூடியையும் டைல்ஸ் போட்டு மறைக்காதீர்கள்.

கூரைச் சரிவு உங்கள் மனைக்குள்ளேயே இருக்கட்டும், பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் கொட்டினால் சண்டைதான். வெல்டிங் மெஷின் வைப்பதாக இருந்தால் மீட்டர் பெட்டியிலிருந்தே தனி ஒயர், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். அப்புறம், சுவரோரம் விடவேண்டிய இடைவெளியை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தூண் குழி தோண்டுங்கள்.