வீட்டு கேமராவ வெளியில இருந்து மொபைல்ல பாக்க ரெக்கார்டர எப்படி செட் பண்றது

கேமரா மாட்டியாச்சு, படத்தப் பதிவு பண்ற ரெக்கார்டர், அதாவது டிவிஆரோ என்விஆரோ ஓடுது, டிவில படம் சுத்தமா வருது, இனிமே வெளியில இருக்கும்போதும் மொபைல்ல பாக்கணும், அவ்வளவுதானே. பி2பி, போர்ட் ஃபார்வர்டிங், விபிஎன்னு மூணு வழி இருக்கு. எதுக்குப் போனாலும் முதல்ல வீட்டுக்குள்ள இருக்க வேலைய முடிங்க.

ரவுட்டர்ல இருந்து ரெக்கார்டருக்கு லேன் கேபிள் போட்டு, நெட்வொர்க் மெனுல டிஎச்சிபி, அதாவது ரவுட்டரே ஐபி குடுக்குற வசதிய ஆன் பண்ணுங்க, ஒரு ஐபி (நெட்வொர்க்ல அதோட முகவரி) வரும். அந்த ஐபி நாளைக்கு மாறாம இருக்க ரவுட்டருக்குள்ள போய் ரெக்கார்டரோட மேக் அட்ரஸுக்கு (அந்தப் பெட்டிக்குன்னே இருக்க அடையாள நம்பர்) அதையே ரிசர்வ் பண்ணிடுங்க. சில பேர் ரெக்கார்டர்லயே ஐபிய கையால அடிச்சுட்டு கேட்வேயையும் (வெளிய போற வழி) டிஎன்எஸ்ஸையும் (வெப்சைட் பேர ஐபியா மாத்துற சர்வர்) அப்படியே விட்டுடுறாங்க, அப்புறம் வீட்டுக்குள்ள எல்லாம் வரும், வெளிய மட்டும் ஆஃப்லைன்னு காட்டும். கேட்வேல ரவுட்டர் ஐபி இருக்கணும், டிஎன்எஸ்ல 8.8.8.8 போட்டா போதும். கேமராவெல்லாம் என்விஆர் பின்னாடி இருக்க பிஓஇ போர்ட்லயே (ஒரே கேபிள்ல கரண்டும் படமும் போற போர்ட்) சொருகியிருந்தா ஒவ்வொரு கேமராவுக்கும் தனியா எதுவும் செய்ய வேணாம், ரெக்கார்டர் ஒண்ணு வெளிய வந்தா எல்லாமே வந்துடும்.

பாஸ்வேர்ட கண்டிப்பா மாத்துங்க. 2016ல மிராய்னு ஒரு மால்வேர் கம்பெனில போட்டு அனுப்புன பாஸ்வேர்ட மாத்தாத கேமராவையும் டிவிஆரையும் தேடித்தேடிப் பிடிச்சு, அத வச்சே பெரிய பெரிய வெப்சைட்டையெல்லாம் முடக்குச்சு. ரெக்கார்டருக்குள்ள இருக்க சாஃப்ட்வேருக்கு, அதாவது ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருந்தா அதையும் இப்பவே போட்டுடுங்க.

சுலபமான வழி பி2பிதான். மெனுல கிளவுட் ஆக்சஸ்னோ பி2பின்னோ இருக்கும், ஆன் பண்ணி ஆன்லைன்னு வந்ததும் கம்பெனி ஆப்ல, அதாவது ஹிக்விஷன்னா ஹிக்-கனெக்ட், தாஹுவான்னா டிஎம்எஸ்எஸ், அதுல க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணுங்க. இதுல ரெக்கார்டரே வெளிய போய் கம்பெனி சர்வர்ல பேசுது, அதனால ரவுட்டர்ல எதையும் திறக்க வேண்டியதில்ல. ஆனா நடுவுல ஒரு கம்பெனி சர்வர் உக்காந்திருக்கு, அதுக்கு சம்மதம்னா இதோட நிறுத்திக்கலாம்.

போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளிய இருந்து வர்றத நேரா ரெக்கார்டருக்கு அனுப்ப ரவுட்டர்ல ஒரு கதவ (போர்ட்) திறந்து வைக்கிறது, இத நான் வேணாம்னுதான் சொல்வேன். 8000, 37777, 554னு போர்ட்ட திறந்து விட்டா நீங்க மட்டுமில்ல, இன்டர்நெட்ட ஸ்கேன் பண்ணிட்டே இருக்க எல்லா பாட் ப்ரோகிராமும் (தானா ஓடுறது) கதவு வரைக்கும் வந்து நிக்கும். 2021ல ஹிக்விஷன்ல வெளியான ஒரு ஓட்டைக்கு பாஸ்வேர்டே தேவைப்படல, அந்த வெப் போர்ட் வெளிய தெரிஞ்சாலே போதும்ங்கிற நிலைமை. போர்ட் நம்பர மாத்தி வச்சா தப்பிச்சுடலாம்னு நினைக்காதீங்க, ஸ்கேன் பண்றவன் எல்லா நம்பரையும்தான் தட்டிப் பாப்பான். ரவுட்டர்லயும் ரெக்கார்டர்லயும் யூபிஎன்பிய ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா உங்களக் கேக்காமலே போர்ட் திறந்துக்கும்.

எனக்குப் பிடிச்சது விபிஎன். ரெக்கார்டர் வெளிய தெரியவே தெரியாது, உங்க மொபைல்தான் வீட்டு நெட்வொர்க்குக்குள்ள வருது. ரவுட்டர்ல வயர்கார்டுங்கிற விபிஎன் இருந்தா அத ஆன் பண்ணி, வீட்டோட வெளி ஐபி மாறிட்டே இருக்கும்ங்கிறதால ஒரு டைனமிக் டிஎன்எஸ் பேரும் (ஐபி மாறினாலும் வீட்டக் காட்டுற பேர்) வாங்கிக்கோங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபி (இன்டர்நெட் பக்கத்து ஐபி) என்னன்னு பாருங்க, அது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சாலோ, வெளிய "என் ஐபி என்ன"ன்னு தேடினா வர்றதோட ஒத்துப் போகலன்னாலோ நீங்க பெரும்பாலும் சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கீங்க (இன்டர்நெட் கம்பெனி ஒரே வெளி ஐபிய பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்குறது), வெளிய இருந்து நேரா உள்ள வர முடியாது, போர்ட் ஃபார்வர்டிங்கும் இங்க வேலைக்கு ஆகாது. அப்போ டெயில்ஸ்கேல்ங்கிற விபிஎன் ஆப் போடுங்க, அதுக்கு ரவுட்டர்ல போர்ட் திறக்க வேணாம். வீட்ல எப்பவும் ஆன்ல இருக்க ஒரு ராஸ்பெரி பையோ பழைய கம்ப்யூட்டரோ இருந்தா அதுலயும் மொபைல்லயும் இன்ஸ்டால் பண்ணி, வீட்டுப் பெட்டில வீட்டு நெட்வொர்க்க சப்நெட் ரூட்டா (அந்த வழியா வீட்ல இருக்க மத்ததையும் பாக்கலாம்ங்கிற அறிவிப்பு) குடுத்து, அட்மின் பக்கத்துல அத அப்ரூவ் பண்ணணும், இந்த அப்ரூவ் பண்றததான் நிறைய பேர் விட்டுடுறாங்க. அப்புறம் ஆப்ல ரெக்கார்டரோட லோக்கல் ஐபியவே குடுத்து ஆட் பண்ணிக்கலாம்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. வீடும் 192.168.1 வரிசை, நீங்க போற இடத்து வைஃபையும் அதே வரிசைன்னா மொபைல் ரெக்கார்டர அங்கயே தேடும், கிடைக்காது. அதனால வீட்டு ரவுட்டர 192.168.57 மாதிரி யாரும் அதிகமா வைக்காத ஒண்ணுக்கு மாத்திடுங்க, ஐபி ரிசர்வ் பண்றதுக்கு முன்னாடியே மாத்துனா ரெண்டு வேலை இல்ல.

படம் திக்கித்திக்கி வந்தா டவுன்லோட் ஸ்பீட பாக்காதீங்க, வீட்டோட அப்லோட் ஸ்பீடுதான் இங்க கணக்கு. எட்டு கேமராவையும் மெயின் ஸ்ட்ரீம்ல (முழு தரம்) பாத்தா ஒண்ணுக்கு 4 எம்பிபிஎஸ்னு வச்சாலே 32 ஆச்சு, சப் ஸ்ட்ரீம் (குறைஞ்ச தரம்) 512 கேபிபிஎஸ்னு வச்சா மொத்தமே 4தான். எல்லாத்தையும் சேர்த்து பாக்கும்போது சப், ஒரு கேமராவ பெருசாக்கும்போது மட்டும் மெயின்.

டெஸ்ட் பண்ணும்போது மொபைல்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டு டேட்டால பாருங்க, வைஃபைல வர்றது வீட்டுக்குள்ளயே வர்றதா இருக்கலாம். வீட்ல மத்தவங்களுக்கு அட்மின் லாகின குடுக்காம லைவும் ப்ளேபேக்கும் மட்டும் தெரியுற மாதிரி தனி யூசர் போட்டுக் குடுங்க, மொபைல் தொலைஞ்சாலும் அந்த ஒரு யூசர மட்டும் டெலீட் பண்ணிடலாம், விபிஎன் வச்சிருந்தா அந்த மொபைல அங்கயும் சேர்த்து நீக்கிடுங்க.