பக்கவாட்டில் கிழிந்த டயர்: ஸ்பிட்டியில் கைகொடுத்த பற்பசை ட்யூப்

இமாச்சலின் ஸ்பிட்டியில், லாங்ஸாவிலிருந்து ஹிக்கிம் போகும் வழியில் ஈ காக்கை கிடையாது. சரளைப் பாதையில் ஓட்டும் கிராவல் சைக்கிளுக்குச் சொர்க்கம், டயருக்குத்தான் கஷ்டம். லாங்ஸா ஆதிகாலக் கடல் உயிரிகளின் புதைபடிவங்களுக்குப் பேர்போனது. நம் டயருக்கு வாய்த்ததோ கத்தி மாதிரி ஒரு பாறைச் சில்லு. பின் டயரின் பக்கவாட்டில் ஒரு விரற்கடை கிழிசல். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றியிருந்த சீலன்ட் திரவம் வெள்ளையாகப் பீய்ச்சி அடித்தது.

உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர்தான், ஆனால் பக்கவாட்டுச் சுவர் மெல்லிசு. ஓட்டையை அடைக்கும் பிளக் திரியைச் செருகினேன், காற்று ஏற்றியதும் பிதுங்கி வந்துவிட்டது. சரி, ட்யூப்தான் வழி. வெறும் ட்யூபைப் போட்டால் கிழிசல் வழியே புடைத்துக்கொண்டு வெடிக்கும். அதனால் பையில் இருந்த பற்பசை ட்யூபை நறுக்கிக் கழுவி, கூரான முனைகளை வட்டமாக்கி, கிழிசலுக்கு உட்புறம் நன்றாக அகலமாக வைத்தேன். அதற்குமுன் சீலன்டைத் துடைத்து, டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். சிக்கியிருக்கும் சின்னக் கல் போதும், புது ட்யூபும் போய்விடும். ட்யூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு, ட்யூபில் லேசாகக் காற்றடித்து உள்ளே நுழைத்தேன்.

அப்புறம் பம்ப். ஹிக்கிம் சுமார் 4,400 மீட்டர் உயரம். காற்று மெலிசு என்பதால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போவது கொஞ்சம்தான், நமக்கோ மூச்சு வாங்கும். டயர் ஓரளவு கெட்டியானதும் நிறுத்தி, கிழிசல் பிதுங்குகிறதா என்று பார்த்தேன். பிதுங்கவில்லை. ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா வரை இறக்கம்தான், பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கிவிட்டேன்.