கொழும்பில் ஆய்வுகூடப் பயிலுநராகச் சேருகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அட்டனிலிருந்தோ இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு வருகிற பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் இரசாயனவியல் பாஸ். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. உணவு, பெயின்ற், மருந்து, தண்ணீர் என்று ஏதோ ஒரு ஆய்வுகூடத்தில் பயிலுநர் இடம் கிடைத்திருக்கிறது. வேலை செய்துகொண்டே படிப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். படிக்கலாம்தான். ஆனால் அதற்கு முதலில் சனிக்கிழமை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நேர்முகத்தில் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: சனிக்கிழமை வேலை உண்டா, வகுப்புக்கும் பரீட்சைக்கும் லீவு தருவீர்களா? "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை நம்பி வராதீர்கள். நியமனக் கடிதத்தில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பொருந்துகிற படிப்பு பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கிறது. இரண்டு சனிக்கிழமை போனால் செய்முறை வகுப்பு இரண்டு போய்விடும். அதைப் புத்தகம் பார்த்துப் பிடிக்க முடியாது.

என்ன படிப்பது? இரசாயனப் பக்கம் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ராஜகிரியவில் இருக்கிற இன்ஸ்டிடியூட் ஒஃப் கெமிஸ்ட்ரி சிலோன். அங்கே ஆய்வுகூடத் தொழில்நுட்ப டிப்ளோமா 1973 முதல் நடக்கிறது. பட்டத்துக்கு ஒப்பான நான்கு வருட கிராஜுவேட்ஷிப் 1979இல் தொடங்கியது. இரண்டும் ஆங்கில மொழியில்தான். நாவலயில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதற்குப் பிராந்திய நிலையம் இருப்பதால், பின்னர் ஊருக்குத் திரும்ப நினைக்கிறவர்கள் அதையும் விசாரித்துப் பாருங்கள். தொழில் தகைமையாக எடுக்க விரும்பினால் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை இருக்கிறது; அது ஏழு மட்டம் கொண்டது. பயிலுநர் பயிற்சிக்கு நைற்றா என்கிற அரச அதிகார சபையில் பதிந்துகொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலை வேறு, இரசாயன ஆய்வுகூட வேலை வேறு. இரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற எம்.எல்.ரி., அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், ஆவதற்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். ஆறு மாதத்தில் எம்.எல்.ரி. ஆக்கிவிடுகிறோம் என்று விளம்பரம் போடுகிற இடத்தில் காசு கட்டுவதற்கு முன், இந்தச் சான்றிதழை வைத்துப் பதிவு கிடைக்குமா என்று மருத்துவ சபையிலேயே நேராகக் கேளுங்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய காசு அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தங்குமிடம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழில் கதைத்துச் சமாளிக்க வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இலகு. அறை பார்க்கும்போது 176ஆம் இலக்க பஸ்ஸை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டியாவத்தையிலிருந்து வந்து ராஜகிரிய, நாவல, நுகேகொட வழியாகத் தெஹிவளைப் பக்கம் போகிற பஸ் அது. மேலே சொன்ன இரண்டு படிப்பு இடங்களுக்கும் அதிலேயே போகலாம். படிக்க இடமில்லாத அறையென்றால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது.

இனி வேலை மேசைக்கு வருவோம். அளவி, குழாயி, கூம்புக் குடுவை, நியமிப்பு என்று படித்துவிட்டு வந்திருப்பீர்கள். இங்கே பியூரெட், பிப்பெட், கோனிக்கல் ஃபிளாஸ்க், டைட்ரேஷன். கட்டளை சிங்களத்தில் வரும், பதிவு ஆங்கிலத்தில் போகும். முதல் வாரம் எல்லாமே புதிது போலத் தோன்றும். அப்படியில்லை, பெயர்தான் புதிது. ஒரு சின்னக் கொப்பியில் மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள். "ஹோதன்ன" என்றால் கழுவச் சொல்கிறார்கள், "வத்துர" என்றால் தண்ணீர். உங்களை "மல்லி" அல்லது "நங்கி" என்று கூப்பிடுவார்கள்; தம்பி, தங்கச்சி என்றுதான் அர்த்தம். நீங்களும் அக்கா என்றே கூப்பிடலாம், அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்று. விளங்காததை விளங்கியது போலத் தலையாட்டாதீர்கள். அமிலப் போத்தலோடு நிற்கும்போது அது ஆபத்து.

பாடசாலையில் செய்முறை அதிகம் கிடைக்காதவர்கள் கழுவுவதிலிருந்தே தொடங்குங்கள். பியூரெட்டைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, பிறகு அதில் ஊற்றப்போகிற கரைசலாலேயே ஒரு தடவை அலச வேண்டும். கோனிக்கல் ஃபிளாஸ்க்கை அப்படி அலசக் கூடாது. வெறும் காய்ச்சி வடித்த நீர் போதும். ஏனென்றால் பியூரெட்டில் தங்குகிற நீர்த்துளி கரைசலின் செறிவைக் குறைத்துவிடும். ஃபிளாஸ்க்கில் தங்குகிற கரைசலோ நீங்கள் அளந்து விட்டதோடு சேர்ந்துவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இந்த வரி, கையால் நூறு ஃபிளாஸ்க் கழுவிய பிறகுதான் எனக்கு உள்ளே இறங்கியது. கழுவ மட்டும் விடுகிறார்களே என்று முதல் மாதத்தில் மனம் வெறுக்க வேண்டாம். ஆனால் ஆறாவது மாதமும் கழுவிக்கொண்டே இருந்தால் வாய் திறந்து கேளுங்கள்.

எழுதுவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த புதிதில் வாசிப்புகளைத் துண்டுக் காகிதத்தில் குறித்து, பின்னேரம் அழகான கையெழுத்தில் கொப்பியில் ஏற்றினேன். பொறுப்பாக இருந்த மிஸ் கொப்பியைப் பார்த்துவிட்டு, "துண்டு எங்கே?" என்று கேட்டார். குப்பைக் கூடைக்குள் தேடி எடுத்தோம். அதில் 24.35, கொப்பியில் 24.53. அன்றைய மாதிரிகள் எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம், இரவு ஏழு மணியாகிவிட்டது. வாசித்த உடனே, வாசித்த இடத்திலேயே, பேனாவால் எழுதுங்கள். பிழைத்தால் வெள்ளை மை பூசாமல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் திகதியும் இடுங்கள்.

உங்கள் பயிற்சிக்கும் அதே முறைதான். இன்று என்ன பரிசோதனை செய்தேன், எந்தக் கருவி, யார் மேற்பார்வை என்று தனிக் கொப்பியில் எழுதி மாதம் ஒருமுறை கையொப்பம் வாங்குங்கள். வாடிக்கையாளரின் பெயரையோ பெறுபேற்றையோ அதில் எழுதக் கூடாது. ஓர் இடத்தில் ஒன்பது மாதம் வேலை செய்துவிட்டு விலகியபோது "பயிலுநராக இருந்தார்" என்ற ஒரே வரிக் கடிதம்தான் எனக்குத் தந்தார்கள். அடுத்த நேர்முகத்தில் காட்ட வேறொன்றும் இருக்கவில்லை. சம்பளத் துண்டையும் பத்திரமாக வையுங்கள். ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி பிடித்தால் உங்களிடம் 8 வீதம், முதலாளி போடுவது 12 வீதம்; ஈ.ரி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் முதலாளியே 3 வீதம் போட வேண்டும். பிடிக்கவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். பதில் சரியாகப் படாவிட்டால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, வெள்ளவத்தையிலிருந்து 141ஆம் இலக்க பஸ் போகும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இங்கே குளிக்கும்போது சவர்க்காரம் சட்டென்று நுரைப்பதைக் கவனித்திருப்பீர்கள். கொழும்புக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர், நம் கிணற்றில் இருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடந்த தண்ணீர். அடுத்த முறை ஊருக்குப் போய் வரும்போது சுத்தமான போத்தலில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, மேற்பார்வையாளரிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு அதன் வன்மையை, அதாவது கல்சியம், மக்னீசியம் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை, பாருங்கள். பி.எச். 10க்குத் தாங்கற் கரைசல், எரியோகுரோம் பிளாக் ரி என்கிற நிறங்காட்டி ஒரு சிட்டிகை, பியூரெட்டில் ஈ.டி.ரி.ஏ. கரைசல். ஃபிளாஸ்க்கில் வைன் சிவப்பு முதலில் ஊதாவாகும், அங்கே அவசரப்படாமல் துளித்துளியாக விடுங்கள். தெளிந்த நீலம் வந்ததும் நிறுத்தி வாசியுங்கள். பிறகு அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறது என்னவென்று சொல்லுங்கள்.