ஒரு நூல், ஒரு நட்டு: பூமியின் ஈர்ப்பை நீங்களே அளக்கலாம்

ஈர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு கூடுகிறது என்பது) 9.8 மீ/வி² என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே எண் உங்கள் கையால் கட்டிய ஊசலிலிருந்து வரும்போது கிடைக்கும் சந்தோஷமே வேறு. இயற்பியலைச் செய்து பார்க்க விரும்பும் எந்த மாணவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான்.

தேவையானவை: ஒன்றேகால் மீட்டர் நூல், கனமான இரும்பு நட்டு ஒன்று, இரண்டு ஸ்கேல், அளவுநாடா, ஸ்டாப்வாட்ச் (போனில் இருப்பதே போதும்).

1. தொங்கவிடுங்கள்

நூலைத் தடிமனான கம்பியில் சுற்றிக் கட்டாதீர்கள். ஆடும்போது நூல் கம்பியில் சுற்றிச் சுற்றி விலகும், நீளம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்கேல்களுக்கு நடுவே நூலை வைத்து, உயரமான அலமாரியின் விளிம்பில் சற்று வெளியே நீட்டி, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். நூல் ஸ்கேலை விட்டு வெளிவரும் இடம்தான் தொங்குபுள்ளி.

2. நீளத்தை அளங்கள்

நட்டைக் கட்டித் தொங்கவிட்ட பிறகே அளக்க வேண்டும், ஏனென்றால் எடை ஏறியதும் நூல் கொஞ்சம் நீளும். தொங்குபுள்ளியிலிருந்து முடிச்சு வரை அல்ல, நட்டின் நடுப்பகுதி வரை. முதல் தடவை சரியாக 1 மீட்டர் வையுங்கள்.

3. ஆட்டிவிட்டு எண்ணுங்கள்

பக்கவாட்டில் 15 செ.மீ. இழுத்து, தள்ளாமல் விட்டுவிடுங்கள். அதிகம் இழுத்தால் நான்காம் படியில் வரும் சூத்திரம் கைகொடுக்காது. 60 டிகிரி வரை இழுத்தால் அலைவு நேரம் (ஒரு முறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) ஏறக்குறைய 7 சதவீதம் கூடிவிடும்.

ஊசலுக்குப் பின்னால் ஒரு காகிதத்தில் நேர்கோடு போட்டு, நட்டு ஓய்வில் நிற்கும் இடத்துக்கு நேராக ஒட்டுங்கள். நட்டு வேகமாகப் போகும் இடம் அதுதான் என்பதால், கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். கோட்டைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, "பூஜ்யம்" என்று சொல்லுங்கள். மறுபடி அதே திசையில் கடக்கும்போதுதான் "ஒன்று". இப்படி இருபது வரை.

இந்தப் பூஜ்யத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். ஆரம்பத்திலேயே "ஒன்று" என்று தொடங்கிவிட்டால், இருபது என்று சொல்லும்போது உண்மையில் 19 அலைவுதான் முடிந்திருக்கும். அந்த ஒரே பிழையால் விடை 10.9-ஐ நெருங்கிவிடும்.

ஏன் இருபது? விரல் அழுத்துவதில் 0.2 விநாடி பிசகு சாதாரணம். ஒரே அலைவை அளந்தால் அது பெரிய பிழை. இருபதால் வகுக்கும்போது பிசகும் இருபதில் ஒரு பங்காகிவிடுகிறது.

4. கணக்கு

39.48-ஐ (பை, அதாவது π-யின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு) மீட்டரில் உள்ள நீளத்தால் பெருக்கி, ஓர் அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 20 அலைவுக்கு 40.2 விநாடி ஆனால் அலைவு நேரம் 2.01. விடை 9.77!

இந்த எண் பூமி முழுக்க ஒன்றல்ல. நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவங்களில் 9.83. 1672-ல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயென் சென்ற பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே, தன் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதற்கு அதுவே முதல் தடயம்.

5. நீளத்தை மாற்றுங்கள்

75, 50, 25 செ.மீ. என்று குறைத்து மறுபடி அளங்கள். 25-க்கு வருமுன் விடையை ஊகித்துப் பாருங்கள். நீளம் கால்வாசியானால் நேரமும் கால்வாசியாகும் என்றுதான் பலர் நினைப்பார்கள். பாதியாகத்தான் குறையும்.

அப்புறம் வரைபடம். கிடைமட்டத்தில் நீளம், செங்குத்தில் அலைவு நேரத்தின் வர்க்கம். நான்கு புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் வரும். 39.48-ஐ அதன் சாய்வால் (நீளம் ஒரு மீட்டர் கூடும்போது அந்த வர்க்கம் எவ்வளவு கூடுகிறது என்பதால்) வகுத்தால் ஈர்ப்பு முடுக்கம். ஒருவேளை நான்கு தடவையும் முடிச்சு வரை மட்டுமே அளந்திருந்தால், கோடு செங்குத்து அச்சை ஆதிப்புள்ளிக்கு (இரு அச்சுகளும் சந்திக்கும் இடத்துக்கு) சற்று மேலே வெட்டும். ஆனால் சாய்வு மாறாது, விடையும் கெடாது. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.