தொட்டியில் உப்பு தேங்கியிருக்கும்போது யூரியா போடாதீர்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் மிளகாய்ச் செடியின் அடி இலை மஞ்சளித்தால் பலரும் உடனே யூரியாவைத் தேடுவார்கள். அதற்கு முன் மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா, இலை நுனி கருகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் செடிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைப்பதை உப்பு தடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். உரம் போடப் போட நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

இதை அதிகம் ஆராய்ந்த பயிர்களில் கோதுமை ஒன்று. வேர் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாக உறிஞ்சுகிறது. உப்பு மண்ணில் குளோரைடு அதோடு போட்டி போடுகிறது. நைட்ரேட் வரத்து குறைந்தால், அதை மாற்றித் தரும் நைட்ரேட் ரிடக்டேஸ் நொதியும் குறையும், ஏனென்றால் நைட்ரேட் வந்தால்தான் செடி அந்த நொதியைத் தயாரிக்கும். அம்மோனியத்தை அமினோ அமிலமாக்கும் குளுட்டமின் சிந்தடேஸும் தளர்ந்தால் அம்மோனியம் திசுவில் தேங்கி நஞ்சாகும். கிடைத்த கொஞ்சத்திலும் ஒரு பங்கு, செல்லில் நீரைப் பிடித்துவைக்க உதவும் புரோலினுக்கும் கிளைசின் பீட்டெய்னுக்கும் போய்விடும்.

இந்த நிலையில் யூரியா போட்டால் அது மண்ணில் அம்மோனியமாக உடையும். அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களும் உப்பில் மந்தமாகிவிடுவதால் அம்மோனியம் அப்படியே நிற்கும். ஏற்கெனவே திணறும் வேருக்கு இது கூடுதல் சுமை.

இலை பச்சையாக இருக்கிறது என்று நிம்மதியடைவதும் தவறுதான். உப்பில் இலை விரியாமல் சிறுத்து, கரும்பச்சையாகத் தெரிவதுண்டு. நிறத்தை மட்டும் நம்பாமல் புதுத் தளிரின் அளவைப் பாருங்கள்.

கோதுமைக்கான அளவை மற்ற செடிகளுக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது. மண் சாற்றின் (நீரில் ஊறிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நீரின்) உப்பு அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 6 டெசிசீமென்ஸ் ஆகும்வரை கோதுமை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் சுமார் 7% குறையும். மிளகாய்க்கு எல்லை 1.5, இழப்பு 14%. பீன்ஸுக்கு 1, இழப்பு 19%.

நம் வீடுகளில் உப்பு சேர்வதற்கு முக்கியக் காரணம் தண்ணீர் ஊற்றும் விதம். தாழ்வாரத்தில் கூரை இருப்பதால் தொட்டியில் மழை விழாது. தரை நனையக் கூடாது, தட்டில் நீர் தேங்கினால் கொசு வரும் என்று பயந்து மேல் மண் நனையும் அளவுக்கே ஊற்றுகிறோம். அடியில் ஒரு சொட்டுகூட வடியாததால் உரத்தின் உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

முதலில் பொருக்கைச் சுரண்டி எடுங்கள். பிறகு தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அதன் கொள்ளளவைப் போல் இரு மடங்கு குழாய்நீரை மெதுவாக ஊற்றுங்கள்: 5 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர், மூன்று தவணையாக, ஒவ்வொரு முறையும் முழுக்க வடிந்த பிறகு. வடிந்த நீரை மறுபடி ஊற்றாதீர்கள். மீட்டர் இருந்தால் முதல் வடிநீரையும் கடைசி வடிநீரையும் அளந்து ஒப்பிடுங்கள். அந்த எண்ணை மேலே சொன்ன எல்லைகளோடு ஒப்பிட முடியாது, அவை மண் சாற்றுக்கானவை.

கழுவும்போது நைட்ரேட்டும் போய்விடும். தளிர் வந்ததும் லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்து கொடுங்கள். அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் பாதிப்பையும் குறைக்கும். சாம்பல்சத்துக்குப் பொட்டாசியம் குளோரைடு வேண்டாம். அதன் உப்புக் குறியீடு (மண்நீரில் உப்பை எவ்வளவு கூட்டும் என்பதைக் காட்டும் எண்) 116, பொட்டாசியம் சல்ஃபேட்டுக்கு 46தான். தென்னை நார்த்தூளிலும் சோடியமும் குளோரைடும் இருக்கும் என்பதால், கழுவியது என்று உறையில் போடாவிட்டால் நன்றாக ஊறவைத்துப் பிழிந்த பிறகே தொட்டியில் நிரப்புங்கள்.