பறவைக் குரலைக் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

இனிமையாகப் பேசும் பெண்ணைக் 'குயில்மொழியாள்' என்று சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. அதனாலோ என்னவோ, குயில் கூவினாலே பெண்குயில் கூவுவதாக மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. சுருதியை ஏற்றிக்கொண்டே போகும் அந்தக் கூவல் உண்மையில் கரிய நிற ஆணுடையது. உடம்பெல்லாம் வெண்புள்ளி போட்ட பழுப்புநிறப் பெண்ணின் குரல் 'கிக்-கிக்-கிக்' என்று பதற்றமாக இருக்கும். அதைக் கேட்டால் குயில் என்றே பலர் நம்பமாட்டார்கள்.

சரி, அப்படியானால் பறவைகளில் ஆண்தான் பாடும் என்று முடிவு கட்டிவிடலாமா? இது முதல் தவறைவிடப் பெரிய தவறு. ஆராய்ச்சியாளர்களே நெடுங்காலம் இதைச் செய்தார்கள். பறவைப் பாட்டு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வளர்ந்தவை. அங்கே பாடும் பெண்பறவைகள் குறைவு. கண்ணுக்கு எட்டியதை உலகத்துக்கே பொதுவாக்கிவிட்டார்கள். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு 323 பாடும் பறவை இனங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டிப் பார்த்தபோது 71 சதவீத இனங்களில் பெண்ணும் பாடுவது தெரிந்தது. ஆதியில் இரண்டுமே பாடின, பிறகு சில கிளைகளில் பெண் பாடுவது மறைந்துபோனது என்பது அந்த ஆய்வு சொல்லும் முடிவு. ஐரோப்பாவிலேயே பெண் ராபின் குளிர்காலத்தில் தனக்கென்று ஓர் எல்லை வகுத்து, பாடியே அதைக் காக்கிறது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இனங்களில் 'பாடியது, அதனால் ஆண்' என்று குறிப்பெழுதும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

காகம் பாடும் பறவை, குயில் அல்ல

பறவை எழுப்பும் எல்லா ஒலியையும் பாட்டு என்று சொல்லிவிடுகிறோம். பறவை ஆய்வாளர்கள் இதைப் பாட்டு, அழைப்பு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பாட்டு நீளமானது, அமைப்பு உள்ளது. பெரும்பாலும் இணையை ஈர்க்கவும், 'இது என் இடம்' என்று மற்றவர்களுக்குச் சொல்லவும் பயன்படுவது. அழைப்பு சுருக்கமானது, ஆண்டு முழுவதும் கேட்பது. குஞ்சு இரை கேட்பது, கூட்டம் பறக்கும்போது ஒன்றையொன்று விட்டுவிடாமல் இருக்கக் குரல் கொடுப்பது, ஆபத்தைச் சொல்வது எல்லாம் இதில் வரும். எல்லா இனங்களிலும் இந்தக் கோடு தெளிவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இதில் நம் காதுக்கு ஒவ்வாத ஒரு செய்தி உண்டு. அறிவியல் வகைப்பாட்டில் காகம் பாடும் பறவைகள் என்ற பெரும்பிரிவைச் சேர்ந்தது. குயில் அதில் இல்லை! இந்தப் பிரிவுக்கும் இனிமைக்கும் சம்பந்தமே கிடையாது. தொண்டையின் அமைப்பும் வம்சாவளியும்தான் கணக்கு.

அடுத்த தவறு இங்கிருந்தே கிளைக்கிறது: எல்லாப் பறவைக்கும் குரல் பிறவியிலேயே வந்துவிடும் என்ற எண்ணம். குயிலுக்கு அப்படித்தான். காகத்தின் கூட்டில் பொரிந்து, காகம் ஊட்டி வளர்ந்து, காகத்தின் கரைச்சலையே நாளெல்லாம் கேட்டாலும், வளர்ந்தபின் ஆண்குயில் குயிலாகவே கூவுகிறது. ஆனால் பாடும் பறவைகள், கிளிகள், தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்டுகள் ஆகிய மூன்று கூட்டங்கள் கேட்டுக் கற்றுக்கொள்கின்றன. 1950-களில் இங்கிலாந்தில் ஆய்வாளர் வில்லியம் தோர்ப், சாஃபின்ச் என்ற சிறு பறவையின் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் பாட்டே காதில் விழாமல் வளர்த்துப் பார்த்தார். அவை பாடத்தான் செய்தன. ஆனால் அந்தப் பாட்டில் இனத்துக்குரிய நேர்த்தி இல்லை. பேசக் கேட்காமல் வளரும் குழந்தையின் நிலைதான்.

கற்றுக்கொள்வது என்று வந்துவிட்டால் வட்டார வழக்கும் வந்துவிடும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி வாழும் வெண்கொண்டைச் சிட்டுகளின் பாட்டு ஓரிடத்தில் ஒரு மாதிரியும், சில கிலோமீட்டர் தள்ளி வேறு மாதிரியும் இருப்பதை ஆய்வாளர் பீட்டர் மார்லர் 1960-களில் பதிவுசெய்தார். ஆகவே ஏதோ ஓர் ஒலிப்பதிவோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக 'இது வேறு இனம்' என்று சொல்லிவிட முடியாது. இதற்கு ஒரு சோகமான மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் ஹனிஈட்டர் பறவைகள் சில நூறாகக் குறைந்துவிட்டதால், இளம் ஆண்களுக்குப் பாட்டுக் கற்றுக்கொள்ள மூத்த ஆண்கள் அருகில் இல்லை. அவற்றில் சில, அக்கம்பக்கத்தில் கேட்கும் வேற்று இனத்தின் பாட்டைப் பாடுகின்றன.

காது செய்யும் ஏமாற்று

சத்தத்தை வைத்து உருவத்தைக் கணக்கிடுவது என் சொந்தத் தவறு. உரக்கக் கத்தும் ஏதோவொன்றை இரண்டு நாள் உயரமான கிளைகளில் தேடினேன். கடைசியில் முழங்கால் உயரப் புதரிலிருந்து வெளியே வந்தது தையல்சிட்டு! கட்டைவிரல் அளவு உடம்பு. அமேசான் பகுதியில் வாழும் வெண் மணிப்பறவை சுமார் கால் கிலோ எடைதான். ஆனால் அதன் குரல் 125 டெசிபல் வரை போகும். பறவைகளில் இதுவரை அளந்ததிலேயே இதுதான் உச்சம்.

எத்தனை பறவைகள் என்று எண்ணுவதிலும் காது ஏமாறும். நமக்குக் குரல் பிறப்பது மூச்சுக்குழலின் உச்சியில் உள்ள குரல்வளையில். பறவைக்கு அது மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில், சிரிங்ஸ் என்ற உறுப்பில். பாடும் பறவைகளால் அதன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே இயக்க முடியும். எனவே ஒரே பறவை ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்பும். இதற்கு நேர்மாறாக, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் வாழும் ரென் என்ற சிறு பறவை இனம் ஒன்றின் ஜோடியில் ஆண் ஒரு சொல், பெண் ஒரு சொல் என்று இடைவெளியே இல்லாமல் மாறிமாறிப் பாடும். கேட்பவருக்கு அது ஒற்றைப் பறவையின் பாட்டாகவே தோன்றும். பதிவை வேகம் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே கீச்சு என்று நினைத்ததற்குள் ஏற்ற இறக்கங்கள் வரிசையாக வெளிப்படும்.

அப்புறம், குரல் மட்டும்தான் செய்தி என்றும் இல்லை. மரங்கொத்தி காய்ந்த கிளையில் தட்டும் வேகத் தாளம் இரை தேடலுக்கானது அல்ல; அதுதான் அதன் பாட்டு. வெண்நாரை அலகைப் படபடவென்று அடித்து இணையை வரவேற்கிறது.

ஒவ்வொரு ஒலிக்கும் அகராதி தேடுவது

'இந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்?' என்ற கேள்வியே கொஞ்சம் வழுக்கலானது. சொல்லுக்குச் சொல் பொருள் தேடினால் பாதி விஷயம் நழுவிவிடும். அதற்காக, எல்லாம் வெறும் பயமும் கோபமும்தான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

வானில் பருந்து தெரிந்தால் பல சிறு பறவைகள் சன்னமான, மிக உயர்ந்த சுருதியில் ஒரு விசில் கொடுக்கும். மெல்லத் தொடங்கி மெல்ல மறையும் ஒலி என்பதால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். கத்தியவரைக் காட்டிக்கொடுக்காத ஒலி அது. மற்ற பறவைகள் அப்படியே உறைந்துவிடும். அதே பறவைகள் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையைக் கண்டால் கரகரப்பாக, விட்டுவிட்டுக் கத்தும். இடம் துல்லியமாகத் தெரியும். எல்லோரும் வந்து சேர்ந்து விரட்ட வேண்டும் அல்லவா?

வட அமெரிக்காவின் சிக்கடி பறவை இன்னும் நுணுக்கமானது. அதன் 'சிக்-அ-டீ' குரலின் கடைசியில் வரும் 'டீ'க்களை ஆபத்துக்கு ஏற்பக் கூட்டும். இதில் நாம் ஊகிப்பது தலைகீழாகிவிடும். பெரிய ஆந்தைக்குக் குறைவான 'டீ', குட்டி ஆந்தைக்கு அதிகம். சட்டென்று திரும்பித் துரத்தக்கூடிய குட்டி ஆந்தைதான் சிக்கடிக்கு எமன்.

ஜப்பானியப் பட்டாணிக்குருவிகளை ஆராய்ந்த தோஷிதகா சுசுகி காட்டியது வேறொன்று. 'சுற்றிலும் பார்' என்பதற்கு ஒரு குரல், 'அருகில் வா' என்பதற்கு ஒரு குரல். இரண்டையும் அந்த வரிசையில் சேர்த்துக் கொடுத்தால் மற்றவை சுற்றிப் பார்த்துக்கொண்டே நெருங்குகின்றன. வரிசையை மாற்றி ஒலிபரப்பினால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இதை மனித மொழி என்று சொன்னால் மிகை. வரிசைக்கு மதிப்பு உண்டு என்பது மட்டும் நிச்சயம்.

எச்சரிக்கை எப்போதும் உண்மையாக இருக்கும் என்று நம்புவதும் ஏமாளித்தனம். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் ஒருவகைக் கரிச்சான் மற்ற விலங்குகள் இரை பிடிக்கும்வரை காத்திருந்து, பருந்தே வராதபோது அபாயக் குரல் கொடுக்கும். அவை இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் எடுத்துக்கொள்ளும். ஒரே பொய் எடுபடாமல் போனால் வேறோர் இனத்தின் அபாயக் குரலைப் போலி செய்யும்.

இதற்கெல்லாம் நான் கண்ட வழி ஒன்றுதான்: ஒலியை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சில நொடிகளைக் கவனிப்பது. யார் ஒளிந்தார்கள், யார் நெருங்கினார்கள், யார் பதில் சொன்னார்கள். ஆள்காட்டிக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் செய்ததும் இதுதான். அது எப்படிக் கத்துகிறது என்பதைவிட, கத்தியதும் வயலில் ஆள் நடமாட்டம் தெரிவதைப் பார்த்தார்கள்.

செயலியும் ஸ்பீக்கரும்

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் போன்ற செயலிகள் குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்கின்றன. அருமையான துணை. ஆனால் திரையில் வந்த பெயரை அப்படியே பட்டியலில் எழுதுவது தவறு. துடுப்புவால் கரிச்சான் ஒரே அமர்வில் பல பறவைகளின் குரலை எடுத்துவிடும். மைனாவும் சளைத்ததல்ல. செயலி ஐந்து பெயர் காட்டும்போது மரத்தில் ஒரே ஒரு கரிய பறவை வாலை ஆட்டிக்கொண்டு இருக்கலாம். கண்ணால் பார்க்காத பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது பதிவுசெய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைப்பதைப் பார்க்கும்போதுதான். படம் எடுக்க எளிது, ஒப்புக்கொள்கிறேன். தன் எல்லைக்குள் அந்தக் குரலைக் கேட்கும் ஆணுக்கோ அது வீட்டுக்குள் புகுந்த எதிரி. இரை தேடுவதையும் குஞ்சுகளுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடிப் புதர் புதராக அலையும். நீங்கள் நிறுத்திவிட்டுப் போன பிறகும் அதன் பதற்றம் உடனே அடங்குவதில்லை. கூடு கட்டும் காலத்தில் இதைச் செய்யவே வேண்டாம். குரலை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.